ஓவர்க்ளாக்கிங்: வேகத்தைக் கையால் ஏற்றுவதா, செயலியின் போக்கில் விடுவதா?

மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மேசைக் கணினி இப்போது சற்றுத் திணறுவதாகத் தோன்றும்போது, புதிதாகச் செலவு செய்வதற்கு முன் கையில் இருக்கும் செயலியிலிருந்தே இன்னும் கொஞ்சம் வேகத்தைப் பெற முடியுமா என்ற எண்ணம் எழுவது இயல்பு. முடியும். ஆனால் அதற்கு இன்று பல வழிகள் இருக்கின்றன. அவற்றுள் அதிகம் பெயர் பெற்ற வழி, பயாஸுக்குள் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரைக்குள்) சென்று, செயலிக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பிரிவுகளான கோர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வேகத்தையும் ஒரே வோல்டேஜையும் நிலையாக அமைத்துவிடுவது. பெரும்பாலோருக்கு அந்த வழி பொருந்தாது என்பது பல மாத முயற்சிக்குப் பின் நான் வந்தடைந்த முடிவு. அதற்கான காரணங்களை, நான் நாள்தோறும் பயன்படுத்தும் ஏஎம்டி ரைசன் 5 5600எக்ஸ் செயலியை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறேன். 2020 நவம்பரில் வெளிவந்த இச்செயலியில் 6 கோர்களும், ஒரே நேரத்தில் ஓடக்கூடிய 12 த்ரெட்களும் (வேலை இழைகளும்) உள்ளன. இதன் அடிப்படை வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ், உச்ச வேகம் 4.6 கிகாஹெர்ட்ஸ். பெட்டியில் 65 வாட் என்று குறிப்பிட்டிருந்தாலும், மதர்போர்டில் அது அமரும் சாக்கெட் வழியாக 76 வாட் வரை எடுத்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டு.

ஓவர்க்ளாக்கிங்கைப் பற்றி, அதாவது செயலியை உற்பத்தியாளர் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதைப் பற்றி, இன்றும் உலவும் நம்பிக்கைகள் பெரும்பாலும் வேறொரு காலத்தைச் சேர்ந்தவை. 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ செயலியில் பஸ் வேகத்தை (செயலியை மற்ற பாகங்களோடு இணைக்கும் தடத்தின் வேகத்தை) 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100க்கு மாற்றினால், 300 மெகாஹெர்ட்ஸ் செயலி 450இல் ஓடியது. ஒரே மாற்றத்தில் 50 சதவீதம் கூடுதல் வேகம் கிடைத்தது. உற்பத்தியாளர்கள் அன்று பாதுகாப்புக்காகப் பெரிய இடைவெளி விட்டு விற்றார்கள். பயனர்கள் அந்த இடைவெளியை எடுத்துக்கொண்டார்கள். 2008இல் முதல் தலைமுறை கோர் ஐ7 செயலியோடு இன்டெல்லின் டர்போ பூஸ்ட் வந்தது. 2017இல் ரைசனோடு ஏஎம்டியின் பிரிசிஷன் பூஸ்ட் வந்தது. அதற்குப் பிறகு அந்த இடைவெளியைச் செயலியே நொடிக்குப் பலமுறை அளந்து, வெப்பமும் மின்னோட்டமும் இடம் தரும் அளவுக்குத் தன் வேகத்தைத் தானே ஏற்றிக்கொள்கிறது. ஆகவே இன்று நாம் வாங்கும் செயலி, ஒரு வகையில், ஏற்கெனவே ஓவர்க்ளாக் செய்யப்பட்டே நம் கைக்கு வருகிறது. மீதமிருப்பது ஒரு சிறு பகுதி மட்டுமே. அதை எவ்வாறு எடுப்பது என்பதில்தான் தேர்வு இருக்கிறது.

அந்த மிச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலையைச் சிறு கணக்கு ஒன்றால் காட்டலாம். செயலி உட்கொள்ளும் இயங்கு மின்திறன், வேகத்தோடு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்தோடு நேர்விகிதத்திலும் கூடுகிறது. எல்லாக் கோர்களும் 4.4 கிகாஹெர்ட்ஸில் 1.25 வோல்ட்டில் ஓடுகின்றன என்றும், அவற்றை 4.6க்கு ஏற்ற 1.35 வோல்ட் தேவைப்படுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். வேகம் கூடியது ஏறத்தாழ 4.5 சதவீதம், மின்திறனும் அதோடு வெப்பமும் கூடியது ஏறத்தாழ 22 சதவீதம். வோல்டேஜைக் கூட்டும்போது நமக்கு எதிராக வேலை செய்யும் இதே வர்க்கக் கணக்கு, வோல்டேஜைக் குறைக்கும்போது நமக்கு ஆதரவாகத் திரும்புகிறது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் வழிகளை ஒப்பிடுவது எளிதாகும்.

நிலையான வேகத்தை எழுதிவைக்கும் முறையில், ஆறு கோர்களையும் 4.5 அல்லது 4.6 கிகாஹெர்ட்ஸில் கட்டிவைக்கிறோம். முழுச் சுமையில், அதாவது வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும்போதோ பிளெண்டரில் ஒரு காட்சியை ரெண்டர் செய்யும்போதோ, இதன் பலன் தெரியும். ஏனெனில் 76 வாட் வரம்புக்குள் அடங்கியிருந்த செயலி இப்போது அந்த வரம்பைத் தாண்டி ஓடுகிறது. ஆனால் கையால் வேகத்தை எழுதியவுடன் செயலியின் தானியங்கு பூஸ்ட் நின்றுபோகிறது. ஒரே ஒரு கோர் மட்டும் வேலை செய்யும் நேரத்தில் அது எட்டியிருக்கக்கூடிய உச்சத்தை இழக்கிறோம். உலாவியில் பக்கங்களைத் திறப்பதும், கோப்புகளைத் தேடுவதும், பல விளையாட்டுகளும் ஓரிரு கோர்களின் வேகத்தையே நம்பியிருப்பதால், நாள் முழுவதும் செய்யும் வேலையில் கணினி முன்பிருந்ததைவிட மெதுவாகிவிடவும் கூடும். முழுச் சுமையில் மணிக்கணக்காக ஓடும் கணினிக்கு மட்டுமே இந்த முறையை நான் நியாயமானதாகக் கருதுவேன்.

இங்கே பலரும் செய்யும் ஆபத்தான தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற கண்காணிப்பு மென்பொருளைத் திறந்தால், எந்த மாற்றமும் செய்யாத ரைசன் 5000 செயலியிலும் சில நேரங்களில் 1.4 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அதைப் பார்த்துவிட்டு, 1.4 வோல்ட் வழக்கமானதுதான் என்று எண்ணி அதையே நிலையான வோல்டேஜாகக் கொடுத்துவிடுகிறார்கள். செயலி அந்த வோல்டேஜைத் தானாகக் கேட்பது, ஒரு கோர் மட்டும் விழித்திருக்கும் கணங்களில், மின்னோட்டம் மிகக் குறைவாக இருக்கும்போது. ஆறு கோர்களும் முழுச் சுமையில் இருக்கையில் அதே வோல்டேஜைத் தொடர்ந்து கொடுப்பது முற்றிலும் வேறு விஷயம். உயர் வோல்டேஜும் உயர் மின்னோட்டமும் உயர் வெப்பமும் ஒன்றுசேர்ந்தால் சிலிக்கான் தேய்கிறது, நேற்று 1.25 வோல்ட்டில் நிலையாக ஓடிய வேகத்துக்கு ஓராண்டுக்குப் பின் 1.3 தேவைப்படும் நிலை வருகிறது. அந்தத் தேய்மானம் திரும்பி வராது.

இரண்டாவது வழியில் வேகத்தை நாம் எழுதுவதில்லை. வரம்புகளை மட்டும் தளர்த்திவிட்டு வேகத்தைச் செயலியிடமே விட்டுவிடுகிறோம். ஏஎம்டியில் இதற்கு பிபிஓ (பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ்) என்று பெயர். 5600எக்ஸில் வழக்கமாக மொத்த மின்திறனுக்கு 76 வாட், நீடித்த மின்னோட்டத்துக்கு 60 ஆம்பியர், கண நேர உச்ச மின்னோட்டத்துக்கு 90 ஆம்பியர் என்று இருக்கும் மூன்று வரம்புகளை உயர்த்தலாம். உச்ச வேகத்துக்கு 200 மெகாஹெர்ட்ஸ் வரை கூடுதல் அனுமதியும் தரலாம். ஒற்றைக் கோர் பூஸ்ட் அப்படியே இருக்கும். முழுச் சுமை வேகமும் கூடும். இதில் குறை என்னவென்றால், வரம்பை மட்டும் தளர்த்தினால் செயலி தனக்குக் கிடைத்த கூடுதல் மின்திறனை வெப்பமாக மாற்றுவதிலேயே பெரும் பகுதியைச் செலவிட்டுவிடுகிறது. பயாஸில் சில மதர்போர்டுகள் தரும் ‘மதர்போர்டு’ என்ற வரம்புத் தேர்வு, பெரும்பாலும் வரம்பே இல்லாத நிலைக்குச் சமம். அதைத் தவிர்த்து, 90 முதல் 100 வாட் வரை நாமே ஒரு எண்ணை எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன்.

பிபிஓவைப் பயனுள்ளதாக்குவது அதோடு வரும் கர்வ் ஆப்டிமைசர் என்ற அமைப்பு. ஒவ்வொரு வேகத்துக்கும் எவ்வளவு வோல்டேஜ் கேட்க வேண்டும் என்று செயலிக்குள் ஓர் அட்டவணை இருக்கிறது. அந்த அட்டவணையை ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாகக் கீழிறக்க இது வழி செய்கிறது. ஒரு படி என்பது ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட். 30 படிகள் வரை இறக்கலாம். அதே வேகத்துக்குக் குறைந்த வோல்டேஜ் போதுமென்றால், அதே வெப்பத்துக்குள்ளும் அதே வாட்டுக்குள்ளும் செயலி தானாகவே இன்னும் மேலே ஏறுகிறது. வோல்டேஜைக் குறைப்பதால் வேகம் கூடுகிறது என்பது முதலில் கேட்பவருக்கு முரணாகத் தோன்றும். மேலே சொன்ன வர்க்கக் கணக்கை நினைவுகூர்ந்தால் முரண் ஏதுமில்லை. செயலியின் ஆயுளுக்கும் நன்மை, அறையின் வெப்பத்துக்கும் நன்மை, மின்கட்டணத்துக்கும் நன்மை என்று ஒரே மாற்றத்தில் எல்லாம் ஒரு திசையில் நகர்வது இந்த வழியில் மட்டும்தான்.

ஆனால் இதன் தோல்வி பழைய ஓவர்க்ளாக்கிங்கின் தோல்வியைப் போன்றதன்று. அதை நான் அனுபவித்தே அறிந்தேன். எல்லாக் கோர்களையும் ஒரே அடியாக 25 படிகள் இறக்கிவிட்டு, செயலிக்கு முழுச் சுமை தரும் சோதனை நிரலான சினிபெஞ்சை அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். எந்தப் பிழையும் இல்லை. அதே வகையான பிரைம்95உம் ஓடியது. நிலையாக இருக்கிறது என்று நம்பிக் கணினியை அப்படியே விட்டுவிட்டு உறங்கச் சென்றேன். காலையில் பார்த்தபோது நான் திறந்து வைத்திருந்த கோப்புகள் எதுவும் இல்லை. விண்டோஸ் உள்நுழைவுத் திரையில் நின்றிருந்தது. விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தால், நள்ளிரவுக்குப் பின், யாரும் தொடாத நேரத்தில், வன்பொருள் பிழைகளைக் குறிக்கும் டபிள்யூஎச்இஏ லாகர் என்ற பெயரில் 18ஆம் எண் பிழை சிவப்புக் குறியோடு பதிவாகியிருந்தது. அந்தப் பதிவை விரித்தால் கீழே ஏபிஐசி ஐடி என்ற வரியில் ஓர் எண் இருக்கும். பிழை எந்தக் கோரில் நிகழ்ந்தது என்பதை அந்த எண் காட்டிக்கொடுக்கும். என் கணினியில் அது செயலியே ‘சிறந்த கோர்’ என்று அடையாளமிட்டிருந்த கோராக இருந்தது.

காரணம் பின்னர்தான் விளங்கியது. முழுச் சுமையில் கோர்கள் உச்ச வேகத்துக்கு வருவதே இல்லை; வாட் வரம்பு அவற்றைக் கீழேயே பிடித்து வைக்கிறது. கணினி சும்மா இருக்கும்போது ஏதோ ஒரு சிறு பின்னணி வேலைக்காக ஒரு கோர் மட்டும் கண நேரத்தில் உச்சத்துக்குத் தாவுகிறது. அந்தத் தாவலில்தான் குறைத்த வோல்டேஜ் போதாமல் போகிறது. சிறந்த கோர்கள் ஏற்கெனவே மிகக் குறைந்த இடைவெளியோடு அளந்து விடப்பட்டிருப்பதால் அவற்றிலிருந்து எடுப்பதற்கு அதிகம் இல்லை. எனவே சிறந்த இரண்டு கோர்களுக்கு 5 அல்லது 10 படிகளும், மற்றவற்றுக்கு 15 முதல் 20 படிகளும் என்று தொடங்குவதே அறிவுடைமை. சோதிப்பதற்கு, ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகச் சுமைக்கு உட்படுத்தும் கோர்சைக்ளர் என்ற இலவச நிரலைப் பயன்படுத்த வேண்டும். ஓர் இரவு முழுவதும் அது ஓடட்டும். பிழை காட்டிய கோருக்கு மட்டும் மூன்று நான்கு படிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுநாள் இரவும் ஓட்ட வேண்டும். ஒரு வாரம் பிடிக்கும் வேலை இது. அந்தப் பொறுமை இல்லையென்றால் எல்லாக் கோர்களுக்கும் 5 படிகள் மட்டும் இறக்கிவிட்டு நிறுத்திக்கொள்வது நல்லது.

இவ்விரண்டையும்விட முதலில் பார்க்க வேண்டியது ரேம் என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். 3200 அல்லது 3600 என்று பெட்டியில் எழுதியிருக்கும் டிடிஆர்4 ரேம், எக்ஸ்எம்பியை (ரேமிலேயே பதிந்திருக்கும் வேக அமைப்பை) பயாஸில் இயக்காவிட்டால் 2133, 2400 அல்லது 2666 என்ற அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். நண்பர்களின் கணினிகளில் பலவற்றை நான் இந்த நிலையில் பார்த்திருக்கிறேன். வாங்கிய நாள் முதல் கொடுத்த காசின் ஒரு பகுதி வீணாகிக்கொண்டே இருந்திருக்கிறது. இன்னொன்று, ஒரே ஒரு 16 ஜிபி குச்சி மட்டும் போட்டிருப்பது. இரண்டு 8 ஜிபி குச்சிகளாக இருந்தால் இரட்டைத் தடத்தில் தரவு நகரும். ரைசன் 5000 வரிசையில் ரேம் 3600இல் ஓடும்போது அதன் உண்மையான கடிகார வேகம் 1800 மெகாஹெர்ட்ஸ். செயலிக்குள் பகுதிகளை இணைக்கும் தடமான இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கும் அதே 1800இல் ஒத்து ஓடுவதால் தாமதம் குறைகிறது. விளையாட்டுகளில் இதன் பலன் கோர் வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸ் கூட்டுவதைவிடப் பெரிதாக இருப்பது வழக்கம். இருப்பினும் இதுவும் ஓவர்க்ளாக்கிங்தான். ரைசன் 5000க்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாக உறுதியளிப்பது 3200 வரை மட்டுமே. ரேம் பிழை, செயலிப் பிழையைப் போல உடனே கணினியை நிறுத்திக் காட்டிக்கொடுப்பதில்லை. சத்தமில்லாமல் ஒரு புகைப்படத்தையோ கணக்குக் கோப்பையோ கெடுத்துவிட்டுப் போய்விடும். மெம்டெஸ்ட்86 ஒருமுறை முழுமையாக, ஒரு பிழையும் இல்லாமல் முடிந்த பிறகே அந்தக் கணினியில் முக்கியமான வேலையைத் தொடங்க வேண்டும்.

கூலரைப் பற்றி இரண்டு வரிகள் போதும், ஆனால் அறையின் வெப்பத்தைப் பற்றி அப்படிக் கடந்துவிட முடியாது. நாம் படிக்கும் பெரும்பாலான ஆய்வு முடிவுகள் 20 முதல் 25 டிகிரி வரை குளிரூட்டிய அறைகளில் எடுக்கப்பட்டவை. சென்னையிலோ மதுரையிலோ கோடையில் ஏசி இல்லாத அறை 35 டிகிரியைத் தொடுவது எளிது. அந்தப் பத்து டிகிரி வேறுபாடு ஏறக்குறைய அப்படியே செயலியின் வெப்பநிலையில் வந்து சேர்கிறது. ஆய்வில் 80 டிகிரி என்று காட்டிய அமைப்பு நம் அறையில் 90ஐ எட்டும்; 5600எக்ஸின் வரம்பு 95. வரம்பை நெருங்க நெருங்கச் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால், பெட்டியோடு வரும் சிறிய கூலரை மாற்றி 120 மில்லிமீட்டர் விசிறி கொண்ட டவர் கூலரைப் பொருத்துவது, பயாஸில் ஓர் எண்ணையும் தொடாமலேயே வேகம் பெறும் வழியாகிறது. அதற்கும் முன்பாக ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையே கம்பளிபோல் படிந்திருக்கும் தூசியைத் தூரிகையால் நீக்கிவிட்டு, காய்ந்து பொடியாகிப்போன பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக இடுவது மிகச் சிறிய செலவில் முடிகிற வேலை.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது, “உயர் வோல்டேஜால் செயலி கெடும் என்பது ஏட்டில் மட்டும்தான், நடைமுறையில் யாருக்கும் நடந்ததில்லை” என்று சொல்பவர்கள் உண்டு. அண்மை ஆண்டுகளின் இரண்டு நிகழ்வுகள் அதை மறுக்கின்றன. 2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி செயலிகள் சில, சாக்கெட்டோடு சேர்ந்து கருகின. எக்ஸ்எம்பியைப் போல ரேமுக்கு ஏஎம்டி தரும் எக்ஸ்போவை இயக்கியபோது மதர்போர்டுகள் சில எஸ்ஓசி வோல்டேஜையும் (செயலிக்குள் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி போன்றவற்றுக்குச் செல்லும் வோல்டேஜை) தாமாகவே உயர்த்தியது அதில் முக்கியக் காரணமாக இருந்தது. ஏஎம்டி அந்த வோல்டேஜை 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தும் புதிய பயாஸை வெளியிடச் செய்தது. 2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் பல, யாரும் ஓவர்க்ளாக் செய்யாமலேயே நிலைகுலைந்தன. அளவுக்கு மீறிய வோல்டேஜும் வெப்பமும் செயலிக்குள் இருக்கும் ஒரு சுற்றை முதுமையடையச் செய்தன என்று இன்டெல் விளக்கியது; செயலியின் உள் நிரலான மைக்ரோகோடில் திருத்தங்களை வெளியிட்டு, தனிப்பெட்டியில் விற்கப்பட்ட, பாதிப்புக்குள்ளான செயலிகளுக்கு வாரண்டியை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டித்தது. ஆகவே, ஓர் அமைப்பை மாற்றிய பிறகு, ‘ஆட்டோ’ என்று விடப்பட்ட மற்ற வோல்டேஜ்களை மதர்போர்டு எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறது என்பதைக் கண்காணிப்பு மென்பொருளில் ஒவ்வொன்றாகப் பார்ப்பது கட்டாயம். வாரண்டியையும் இத்துடன் நினைவில் கொள்ள வேண்டும்: ஏஎம்டியே தரும் பிபிஓவை இயக்கினாலும், அதனால் நேரும் சேதம் வாரண்டியில் அடங்காது.

இனிச் செலவு செய்யும் வழி. 5600எக்ஸ் பொருந்தும் ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்களுக்கு, பயாஸைப் புதுப்பித்துவிட்டு அதே மதர்போர்டில் பொருத்தக்கூடிய எக்ஸ்3டி செயலிகள் உள்ளன: 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டி, 2024 ஜனவரியில் வந்த 5700எக்ஸ்3டி. பின்னதன் உச்ச வேகம் 4.1 கிகாஹெர்ட்ஸ்தான், 5600எக்ஸைவிட அரை கிகாஹெர்ட்ஸ் குறைவு. இருந்தும் அதன் 96 எம்பி எல்3 கேஷ் (செயலிக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்), 5600எக்ஸின் 32 எம்பியோடு ஒப்பிட மூன்று மடங்கு என்பதால், செயலியை நம்பியிருக்கும் விளையாட்டுகளில் எந்த ஓவர்க்ளாக்கிங்காலும் எட்ட முடியாத முன்னேற்றத்தைத் தருகிறது. விளையாட்டுக்காகவே வேகம் வேண்டுவோர், இச்செயலி நியாயமான விலையில் கடையில் கிடைக்குமானால், பயாஸோடு வாரக்கணக்கில் போராடாமல் இதை வாங்குவதே சரி. நிரல் தொகுப்பு (கம்பைல் செய்வது), புகைப்படத் திருத்தம் போன்றவற்றுக்கு அந்தக் கேஷ் பெரிதாக உதவாது. அங்கே கர்வ் ஆப்டிமைசரோடு 5600எக்ஸையே வைத்திருக்கலாம். விளையாடும்போது கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு 97, 98 சதவீதத்தில் நிற்கிறது என்றால் செயலியில் என்ன செய்தும் படச்சட்ட எண்ணிக்கை (எஃப்பிஎஸ்) கூடாது. அந்த நிலையில் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையில் சொன்ன எதையும் செய்யத் தேவையில்லை.

எந்த மதர்போர்டு இருக்கிறது என்பது சிலருக்குத் தேர்வைத் தானாகவே முடித்துவிடும். ஏஎம்டியின் ஏ320, ஏ520 போர்டுகளில் செயலியை ஓவர்க்ளாக் செய்ய முடியாது. பி450, பி550, எக்ஸ்570 போன்றவற்றில் முடியும். இன்டெல்லில் பெயரில் எண்ணுக்குப் பின் கே என்ற எழுத்துள்ள செயலியும் இஸட் வரிசை போர்டும் இருந்தால்தான் கோர் வேகத்தை ஏற்றலாம். 2021இன் பி560 முதல் பி வரிசையிலும் ரேம் வேகத்தை ஏற்ற முடிகிறது. 7600எக்ஸ் போல 105 வாட்டில் வரும் புதிய ரைசன் வைத்திருந்து அறை வெப்பமாக இருக்குமானால், ஈகோ மோடில் 65 வாட்டுக்கு இறக்கிவிடுவதையும் நான் ஒரு நல்ல தேர்வாகவே கருதுகிறேன். இழக்கும் வேகம் சிறிது, குறையும் வெப்பமும் விசிறிச் சத்தமும் மிகுதி.

கை வைப்பதற்கு முன் இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். கோப்புகளின் நகல் வேறொரு டிஸ்க்கில் இருக்க வேண்டும். மதர்போர்டில் சிமாஸை (பயாஸ் அமைப்புகள் சேமிக்கப்படும் இடத்தை) அழிக்கும் இரண்டு ஊசிகள் எங்கே இருக்கின்றன என்பது, திரை கறுத்துப்போவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பயாஸைப் புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் போர்டே பயனற்றுப்போகலாம் என்பதால் யுபிஎஸ் இல்லாமல் அந்த வேலையைத் தொடங்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றி, மாற்றியதை ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவைத்தால், இரண்டு வாரம் கழித்து ஒரு பிழை தலைகாட்டும்போது எதைத் திருப்ப வேண்டும் என்பது தெரியும். என் நோட்டில் சிறந்த கோருக்கு நேரே 25, 18, 12 என்று மூன்று எண்கள் அடிக்கப்பட்டு, கடைசியாக 8 என்று இருக்கிறது. அந்த 12கூட மார்கழியில் பிழையின்றி ஓடியது. சித்திரையில் ஒரு பிற்பகல் மீண்டும் கோர்சைக்ளரை ஓட்டியபோது இருபதாவது நிமிடத்தில் பிழை காட்டியது.